சாமி படம் போட்ட உறைகள்

எனக்கு ஆறு ஆண்டு பின்னே பிறந்து, எனக்கு முன்னே புறப்பட்டுப் போய்விட்ட என் அருமைத் தம்பி சோமுவுக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். நீ போன பின் வரும் மூன்றாவது ஆவணி இது. நீ இருக்கும் இடத்துக்குத் தபால் போகாது என்பதால் இந்தக் கடிதத்தை நம் சிவன் கோயில் ஆண்டு மலரில் அச்சிடக் கொடுத்திருக்கிறேன். ஊரார் படிக்கவேண்டும் என்பதற்காகத்தான் அக்கா நம் பெயரை இழுக்கிறாள் என்று நீ சந்தேகப்படுவாய். சந்தேகப்படு. அது பாதி உண்மை. மீதிப் பாதி உனக்கு மட்டுமே உரியது. அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

நீ உன் மனைவி தனத்துக்கு ஆறு மா நிலத்தை விட்டுப் போனாய். எனக்கு உன் சந்தேகத்தை விட்டுப் போனாய். வாய்க்காலில் நீர் நிறைந்து வந்தால் யார் வரப்பை உடைக்கப் போகிறான் என்று கேட்பாய். குறைந்து வந்தால் யார் அடைத்தான் என்று கேட்பாய். நான் அப்போது உன்னைக் கண்டித்திருக்கிறேன். எல்லாவுயிரிலும் இறைவன் உறைகிறான் என்று காலையும் மாலையும் ஓதுகிற வீட்டில் இப்படி ஒருவனா என்று. இப்போது காலையில் எழுந்ததும் என் வாயில் முதலில் வருவது ஐந்தெழுத்தா, ‘யார் அடைத்தது’ என்பதா என்று எனக்கே தெளிவில்லை.

இந்த ஆண்டும் நீர் வந்தது. ஆடி கடைசியில் தனம் சம்பாவுக்கு நாற்று விட்டாள். நீ இருந்தவரை வயலுக்குச் சோறு கொண்டுவந்து வரப்பிலேயே நின்றவள், இப்போது தானே விதை ஊறவைத்து, மூன்றாங் கொம்பு முளை விடும்வரை கட்டிவைத்து, சேற்றில் இறங்கித் தெளித்தாள். ஒரு முளைகூடப் பழுதில்லை. பச்சைப் பட்டை விரித்ததுபோல் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: “அண்ணி, உங்க தம்பி இருந்தா இந்நேரம் இந்த விதையில ஏதோ கலப்படம்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போயிருப்பாரு.” சிரித்தாள். உன்னைச் சொல்லி அவள் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது.

உன் மகன் குமரன் இன்னும் சிங்கப்பூரில்தான் இருக்கிறான். வாரத்துக்கு இருமுறையாவது அவனிடமிருந்து ஏதேனும் வருகிறது. அவன் அங்கே கைப்பேசியில் தட்டுகிறான். இங்கே இருசக்கர வண்டியில் ஒருவர் வந்து வாசலில் பெட்டியை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். சென்ற மாதம் ஒரு பெட்டி வந்தது. பறங்கிக்காய் ஒன்றை வைத்து அடைக்கலாம், அவ்வளவு பெரியது. தனம் அரிவாள்மணையில் வைத்து அறுத்துத் திறந்தாள். உள்ளே இன்னொரு பெட்டி, அதைச் சுற்றிக் காற்றடைத்த பைகள், அதற்குள் ஒரு கண்ணாடிக் காகிதம், அதற்குள் ஓர் அட்டை, அந்த அட்டையில் பதித்து வைத்த ஒரு நகவெட்டி. நான் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். வேறு ஏதோ எடுக்கப்பட்டிருக்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றியது. நகவெட்டிக்கா இவ்வளவு?

“அம்மா நகம் வளர்ந்திருக்கும்னு அங்க இருந்து நினைச்சுப் பாத்திருக்கான்” என்றாள் தனம். பிறகு பெட்டியைக் காலால் தள்ளிவிட்டு, “பிள்ளை வரல அண்ணி, பெட்டிதான் வருது” என்றாள்.

உறை போட்டு வருகிற எதையும் நான் நம்புவதில்லை என்பது உனக்குத் தெரியும். வறுவல் உறையை அமுக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் காற்று. சவர்க்காரத்துக்குக் காகிதம், காகிதத்துக்குப் பெட்டி, பெட்டிக்கு மேல் கண்ணாடித்தாள், அதற்கு மேல் ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’. எந்த வணிகனும் தன் பொருளுக்கு நாணினால் ஒழிய இத்தனை ஆடை உடுத்த மாட்டான் என்பது என் கட்சி. மளிகைக் கடையில் ஒவ்வோர் உறையையும் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டு நிற்பேன். கடைக்காரர் ஒருநாள், “டீச்சரம்மா, பரீட்சைப் பேப்பர் திருத்துறீங்களா?” என்று கேட்டார். ரவையில் மதிப்பெண் போடும்படி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் தம்பி, அத்தனை சந்தேகத்துக்கும் ஒருவகை உறை தப்பிவிட்டது. எந்த உறையின்மேல் இறைவன் படம் இருந்ததோ, அதை நான் திருப்பிப் பார்த்ததே இல்லை.

கற்பூரத்தில் அம்மன் இருந்தாள். விளக்கெண்ணெய் உறையில் கோபுரம் இருந்தது. சாம்பிராணியில் பிள்ளையார், கோலமாவில் திருமகள், அப்பளக் கட்டில்கூட முருகன். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினேன். வீட்டில் முன்பிருந்த கற்பூரம் தீருமுன்னே அடுத்த வெள்ளிக்கு இன்னொன்று. நெய்விளக்கு என்று குட்டிக் குட்டியாகக் கிண்ணத்தோடு வார்த்து விற்கிறார்களே, அதுவும். ஒருமுறை ஏற்றினால் அந்தக் கிண்ணம் குப்பை. நம் வீட்டுக் குப்பையில் அடுப்படிக் குப்பையைவிடப் பூசையறைக் குப்பைதான் பெரிது என்று எனக்கு இத்தனை நாள் உறைக்கவில்லை; ஏனென்றால் அதை நான் குப்பை என்று பெயரிட்டு அழைத்ததே இல்லை.

சாமி படம் போட்ட உறையை எப்படிக் குப்பையில் போடுவது? காலில் மிதிபடாதா? நாய் கவ்வாதா? தீயில் இடவும் மனம் வராது. ஆகவே அவற்றைச் சேர்த்து, கழுவிக் காய்ந்த யூரியா சாக்கில் போட்டுப் பூசையறை மூலையில் வைப்பேன். ஆடிப்பெருக்கன்று படித்துறையில் காவிரிக்குப் படையல் இட்டு முடித்ததும் சாக்கின் வாயைக் கட்டி நீரில் விட்டுவிடுவேன். நம் அம்மா காலத்தில் பழைய பஞ்சாங்கத்தையும் கிழிந்த சாமி படத்தையும் அப்படித்தான் விடுவார்கள். அது தாள். நீர் அதை ஒரு நாழிகையில் கரைத்துத் தன்னுடையதாக்கிக்கொள்ளும்.

நான் மட்டும் செய்திருந்தால் ஒரு சாக்கோடு போயிருக்கும். பதிகம் ஓத வருகிற பெண்கள் கேட்டார்கள். “பெரியம்மா, சாமி கவரையெல்லாம் என்ன பண்றது?” நான் தமிழ் சொல்லிக்கொடுத்தவள், சாத்திரம் படித்தவள், கேட்டால் விடை சொல்லாமல் இருக்கத் தெரியாதவள். நீரில் விடுவதே முறை என்றேன். தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு சாக்கு சேர்ந்தது.

நீ ஒருமுறை என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? நான் சாக்கைத் தூக்கிக்கொண்டு படித்துறைக்குப் போகிறேன். நீ மண்வெட்டியோடு எதிரே வருகிறாய். “டீச்சரே, இதையெல்லாம் ரோட்டுக்கு அந்தாண்ட கொண்டுபோய் விடக்கூடாதா?” என்றாய். படித்துறையில் விடுவதுதான் முறை என்றேன். நீ மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு போய்விட்டாய். இதை இங்கே எழுதி வைக்கிறேன். பிறகு வருகிறேன்.

இந்த ஆடிப்பெருக்குக்குச் சாக்கைக் கட்டக் கயிறு அகப்படவில்லை. உன்னுடைய பழைய வேட்டி ஒன்று நைந்து கிடந்தது. அதன் பச்சைக் கரையை நீளமாகக் கிழித்துக் கட்டினேன். சாக்கு மெல்ல ஆடிக்கொண்டே போயிற்று. நீயே கூடப் போவதுபோல் இருந்தது. கும்பிட்டேன்.

நாற்று விட்டுப் பத்து நாள் ஆகியிருக்கும். நீர் வரத்து நின்றது. ஆற்றில் குறையவில்லை, நம் படித்துறையில் கடைசிப் படி தெரியாமல் நிற்கிறது, தனத்தின் நாற்றங்காலில் மட்டும் ஈரம் இல்லை. முதல்நாள் பாசி காய்ந்தது. மூன்றாம் நாள் மண் விரல் நுழையும்படி வெடித்தது. நுனி பழுத்து வந்த நாற்றைத் தனம் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தாள். “இன்னும் நாலு நாள்தான் தாங்கும் அண்ணி. இது போச்சுன்னா இந்த வருசம் சம்பா இல்ல. வயலை யாருக்காவது குத்தகைக்கு விட்டுட்டு என்னைக் கிளம்பி வரச்சொல்றான் குமரன்” என்றாள். அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்கு அச்சம் தந்தது. நீ உயிரைவைத்துக் காத்த நிலம் ஒரு நாற்றங்காலில் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு நீ கற்பித்த கேள்விதான் வந்தது. யார் அடைத்தது?

விடையும் நீ கற்பித்ததே. கண்ணையன். உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கண்ணையனின் தந்தை நம் தந்தையின் வயலில் கூலிக்கு வரப்போரம் அண்டை வெட்டியவர். கண்ணையன் உழைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, நமக்கு மேலே அதே வாய்க்காலில் நிலம் வாங்கினார். நம் படித்துறைக்குக் கீழே ஆற்றிலிருந்து பிரிகிற அந்த வாய்க்கால் அவர் வயலைத் தாண்டி, சாலைக்கு அடியிலுள்ள சிமெண்ட் குழாய் வழியே வருவதுதான் நமக்குத் தண்ணீர். அந்த நிலம் அவர் கைக்குப் போனதிலிருந்து உனக்கும் அவருக்கும் சண்டை ஒழிய வேறு பேச்சில்லை. இந்தக் கடிதத்தில் நான் அவரை ‘அவர்’ என்று எழுதுவதை நீ கவனித்திருப்பாய். வீட்டில் நாம் பேசியபடி எழுதவில்லை. ஏன் என்று பார்.

போய்ப் பார்த்தேன். எல்லாம் நான் எண்ணியபடியே இருந்தது. அவர் வயலோரத்தில் வாய்க்கால் வாய்வரை தளும்பி நின்றது. கரையில் மணல் மூட்டை அடுக்கியிருந்தார். குழாயின் வாய் எங்கே என்று தெரியாதபடி ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. நீரைத் தேக்கித் தன் பக்கம் திருப்பத்தான் மூட்டை என்று முடிவு கட்டினேன். அதற்கு முந்தைய நாள்தான் அவர் தனத்திடம், “எங்க மோட்டார்ல தண்ணி எடுத்து உடட்டுமா தங்கச்சி? ஓசுப் பைப்பு மட்டும் போட்டுக்க” என்று கேட்டிருந்தார். தனம் என்னிடம் வந்து சொன்னாள். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். அடைத்தவனே தண்ணீர் தருகிறான் என்றால் நாளைக்கு நிலத்தைக் கேட்கத்தான் என்றேன். அந்த ஒரு நாள் நீர் பாய்ந்திருந்தால் எத்தனை நாற்று பிழைத்திருக்கும் என்று இப்போது கணக்கிட எனக்குத் துணிவில்லை.

குழாய்க்குப் பக்கத்தில் சாலையோரம் தேநீர்க் கடை. காலை வேளை. ஐந்தாறு பேர் இருந்தார்கள். கண்ணையன் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் திருநீற்று நெற்றியோடு, கோயிலிலிருந்து நேரே போனேன்.

“கண்ணையா, தண்ணிய எங்க வச்சிருக்க?” என்றேன்.

“ஆத்துல டீச்சரம்மா” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

“என் தம்பி இல்லைங்கிற தைரியமா?”

“அவரு இருந்தப்பவும் இதையேதான் கேட்டாரு. அக்காளும் தம்பியும் ஒரே கேள்விய மாத்தி மாத்திக் கேக்குறீங்க. பதிலு மட்டும் ஒருநாளும் கேட்டதில்ல.”

“மூட்டை எதுக்கு அடுக்கியிருக்க?”

“தண்ணி முட்டி எங்க நாத்தங்கால்ல ஏறுது. உரம் போட்டு நாலு நாளுதான் ஆச்சு. அடுக்காம?”

அதற்குப் பிறகு நான் சொன்னதை அச்சில் பார்க்க வெட்கமாக இருக்கிறது. ஆயினும் சொன்னதை மறைப்பதில் பயனில்லை. “உங்க அப்பா இப்படியெல்லாம் எதிர்த்துப் பேசமாட்டார்” என்றேன்.

தேநீர்க் கடையில் யாரும் சிரிக்கவில்லை. அவர் குவளையைப் பலகையில் வைத்தார். “எங்கப்பா உங்க வீட்டு ஆளுங்க எதிர்ல வாயே தொறந்ததில்லையே டீச்சரம்மா. அவரு எப்படிப் பேசுவாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. முப்பத்தைந்து ஆண்டு வகுப்பறையில் நின்றவள் நான். மறுபடியும் மணல் மூட்டையைத்தான் கை நீட்டிக் காட்டினேன்.

அதற்குள் தனம் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு துறட்டியோடு நீரில் இறங்கியிருந்தாள். “அண்ணி, நீங்க வழக்குப் பேசி முடிக்கிறதுக்குள்ள நாத்து செத்துரும். அடைச்சது யாருன்னு அப்புறம் பாப்போம். எது அடைச்சிருக்குன்னு முதல்ல பாப்போம்” என்றாள். கண்ணையன் சட்டையைக் கழற்றிக் கடைப் பலகையில் போட்டுவிட்டு, “தங்கச்சி, நீ நடுவுல நிக்காத, உறிஞ்சிரும், கரையோரமா வா” என்று சொல்லியபடி இறங்கினார். மார்பளவு நீர். ஆகாயத்தாமரையை வாரி வாரிக் கரையில் எறிந்தார்கள். பிறகு குழாயின் வாயில் துறட்டியை விட்டு இழுத்தாள் தனம்.

முதலில் வந்தது ஒரு கற்பூர உறை. அம்மன் படம். சேற்றைத் துடைத்தால் முகம் அப்படியே மங்காமல் இருந்தது. அடுத்து விளக்கெண்ணெய் உறைகள் கொத்தாக. பிறகு பிள்ளையார், திருமகள், முருகன், மறுபடி அம்மன். வழுவழுவென்று ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, வைக்கோல் பிரிபோல் முறுக்கேறி வந்துகொண்டே இருந்தார்கள். “என்னடா இது, கும்பாபிசேகத்துக்குக்கூட இத்தனை சாமி ஒரே இடத்துல வரலையே” என்று கடையிலிருந்து ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

கண்ணையன் அவற்றைக் கரையில் எறியவில்லை. தம் துண்டைச் சாலையோரத்தில் விரித்து, ஒவ்வொன்றாக அதன்மேல் எடுத்து வைத்தார். காலில் படக்கூடாது என்று. எதற்காக இந்தப் பணிவு, யார் பார்க்கவேண்டும் என்று இந்த நடிப்பு என்று அப்போதும் என் மனம் கேட்டது தம்பி. உன் அக்கா அவ்வளவு கெட்டுப்போயிருந்தாள்.

பிறகு அவர் மூச்சைப் பிடித்து மூழ்கி ஒரு சாக்கை இழுத்தார். பாதி நீருக்கு மேலே வந்தது. அதன் கழுத்தில் பச்சைக் கரை.

அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். உன் வேட்டிக் கரை இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? நீ கோயிலுக்கும் சண்டைக்கும் உடுத்தியது அந்த ஒரே கரைதானே. அவர் கடையில் நின்றவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, நீருக்குள்ளேயே முடிச்சை அவிழ்த்து, அந்தத் துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, வெறும் சாக்கை மட்டும் கரையில் தூக்கிப் போட்டார்.

தெருவார் சாக்குகள் வந்தன. அவற்றுக்கும் அடியில், வண்டலில் புதைந்து, இன்னும் பழையவை இருந்தன. அவற்றில் இரண்டின் கழுத்தில் கட்டியிருந்தது, நான் பள்ளிக்கு உடுத்திப்போன நீலக் கைத்தறிச் சேலையின் ஓரம். நான் ஓய்வு பெற்றே பல ஆண்டாகிறது. சாக்கு கிழிந்திருந்தது, உள்ளே இருந்த உறைகள் நையவில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் இன்றைக்கும் அடைத்து விற்கலாம்.

கடைசிச் சாக்கு வந்ததும் குழாய் ஒருமுறை கனைத்தது. நீர் சுழித்து உள்ளே பாய்ந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் நின்ற ஆள், “போவுது, போவுது” என்று கத்தினார். தனம் நீரிலிருந்தே இரு கையையும் கூப்பினாள். யாரை நோக்கி என்று எனக்குத் தெரியவில்லை. கரையில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் நின்ற என்னை அவள் பார்க்கவில்லை.

நாற்றங்காலில் தாழ்வான பக்கம் பிழைத்தது. மூன்றில் ஒரு பங்கு இருக்கும். மேட்டுப் பக்கம் கருகிவிட்டது.

மறுநாள் கண்ணையன் நம் வாசலுக்கு வந்தார். உன் சாவுக்கு வந்தபோது தெருமுனையில் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டுப் போனார். உள்ளே வா என்று நம் வீட்டில் ஒருவரும் அழைக்கவில்லை, நான் உட்பட. இம்முறை வாசல்வரை வந்து, துவைத்து மடித்த ஒரு துணியை என்னிடம் நீட்டினார்.

“இதை ஏன் மறைச்சீங்க?” என்று கேட்டேன். அவரிடம் நான் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுவே முதல்முறை. அவருக்கும் அது கேட்டிருக்கவேண்டும்.

“சேத்துல ஆயிரம் கிடக்கும் டீச்சரம்மா. எல்லாத்தையும் ஊருக்குத் தூக்கிக் காட்டிக்கிட்டு இருக்க முடியுமா? நாளைக்கு நீங்க பொம்பளைங்களுக்குப் பதிகம் சொல்லித் தரணும்ல” என்றார்.

“உள்ள வந்து உக்காருங்க” என்றேன். உட்கார்ந்தார். மோர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுத் தனத்தைப் பார்த்து, “எங்க நாத்தங்கால்ல மிச்சம் நிக்குது தங்கச்சி. அதே சம்பாதான், அஞ்சு நாளுதான் மூப்பு. ஆளு வந்ததும் பறிச்சுக் குடுத்துடறேன்” என்றார். நான் வாயைத் திறக்குமுன் தனம், “சரிண்ணே” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “நாத்து யாரு வீட்டுதுன்னு மண்ணு விசாரிக்காது அண்ணி” என்றாள். ஆகவே இவ்வாண்டு உன் ஆறு மாவில் பெரும்பகுதி கண்ணையன் வீட்டு நாற்று. நீ புரண்டு படுப்பாய். படு.

ஆனால் அந்தத் துணி என்னை விடவில்லை. அவர் மறைத்ததாலேயே நான் தப்பித்தேன். தப்பித்தவள் மறுபடியும் படித்துறையில் நின்று பெண்களுக்கு முறை சொல்வதா? அதனால்தான் இதை அச்சில் ஏற்றுகிறேன். நாற்றங்காலைக் கருகவிட்டது கண்ணையன் அல்ல. குழாயை அடைத்தது நான். நான் சொல்லக் கேட்டு நம் தெரு. நீரே இறைவன் வடிவம் என்று ஓதிய வாயால், அந்த நீரில் அவன் முகத்தைப் போட்டு மூச்சை அடைத்தேன்.

இப்போது சந்தேகப்படுகிறவள் முறையாகச் சந்தேகப்படுகிறேன். கற்பூரத்துக்கு அம்மன் படம் எதற்கு? அப்பளத்துக்கு முருகன் எதற்கு? முகத்தைக் கண்டால் நாங்கள் உறையைத் திருப்பிப் படிக்கமாட்டோம் என்பதற்கா? வாங்கிய பின் குப்பையில் போடவும் அஞ்சி, தேவைக்கு மேல் வாங்கினோமா என்று கேட்கவும் மறந்து, ஒற்றிக்கொண்டே இருப்போம் என்பதற்கா? மளிகைக் கடைக்காரரிடம் கேட்டேன். “படம் இல்லாத கற்பூரம் யாரு வாங்குவா டீச்சரம்மா?” என்றார். அவரையும் சந்தேகிக்க விரும்பினேன். முடியவில்லை. அவர் சொன்ன அந்த யாரோ நான்தான்.

குழாயிலிருந்து எடுத்தவை பின்கட்டில் கிடக்கின்றன. தினம் கொஞ்சம் கழுவிக் காயவைக்கிறேன். எரித்தால் நச்சு, புதைத்தால் கிடக்கும், நீரில் விட்ட கதை தெரிந்ததே. என் ஆயுள் முடிந்த பின்னும் இந்த முகங்கள் இப்படியே சிரித்துக்கொண்டிருக்கும். என்ன செய்வது என்று பெண்கள் என்னைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இனி உனக்கு மட்டும் உரியது.

அந்த நீலச் சேலை ஓரத்தைப் பார்த்ததிலிருந்து என் மனம் பின்னோக்கியே போகிறது. நீயும் கண்ணையனும் கைகலப்பு வரை போன ஆண்டு. நீ பஞ்சாயத்தைக் கூட்டிய ஆண்டு. அவர் பெண்ணின் திருமணப் பத்திரிகையை நீ வாசலிலேயே திருப்பி அனுப்பிய ஆண்டு. எல்லாமே ஆவணியில். ஆடிப்பெருக்குக்கு இரண்டு வாரத்துக்குப் பின்னே. ஒருமுறைகூட முன்னே இல்லை. உன் பகை முழுவதையும் நான்தான் சாக்கில் கட்டி அனுப்பினேனா, தம்பி?

இன்னொரு சந்தேகம். “ரோட்டுக்கு அந்தாண்ட கொண்டுபோய் விடக்கூடாதா?” என்றாயே. அந்தாண்ட என்றால் குழாயைத் தாண்டி. ஏன் அப்படிச் சொன்னாய்? குழாயை நீ குத்திப் பார்க்காமல் இருந்திருப்பாயா? உள்ளே என் சேலையைக் கண்டிருந்தாயா? அக்காளிடம் கேட்க நா எழாமல், கேட்க எளிய ஒருவரிடம் போய்க் கேட்டாயா? நீ அறிந்தே சண்டையிட்டாய் என்றால் கண்ணையனுக்கு நாம் இருவருமே குற்றவாளிகள். அறியாமல் என்றால் நான் ஒருத்தி. எதை விரும்புவது என்று எனக்குத் தெரியவில்லை. நீ விடை சொல்லமாட்டாய். உயிரோடு இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாய்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி என் கையிலிருந்து ஓர் உறையும் நீரில் விழாது. தெய்வமே அதன்மேல் எழுந்தருளியிருந்தாலும். எண்ணெய்க்குத் தூக்குச்சட்டியும் திருநீற்றுக்குச் சம்புடமும் கடைக்குக் கொண்டுபோகிறேன். கற்பூரம் இன்றி ஒரு திரியோடு வழிபாடு நடக்கிறது. இறைவன் குறை சொன்னதாகத் தெரியவில்லை. அடுத்த ஆடிப்பெருக்கில் பதிகம் தொடங்கும் முன், கண்ணையன் முன்னிலையில், இந்தக் கடிதத்தைப் படித்துறையில் நின்று உரக்கப் படிப்பேன்.

அந்தப் பச்சைக் கரையை நான் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. குழாய் நம் பக்கம் திறக்கிற வாயில் கண்ணையன் ஒரு மூங்கில் நட்டுத் தந்தார். அதில் தனத்தின் வயலுக்கு நீர் ஏறவேண்டிய உயரத்தில் கட்டியிருக்கிறேன். காலையில் கோயிலுக்குப் போகும் முன் சாலையில் நின்று பார்க்கிறேன். துணி நனைந்திருந்தால் வயலுக்கு நீர் போகிறது. காய்ந்திருந்தால், யார் அடைத்தது என்று கேட்பதற்கு முன் நான் இறங்கிக் கைவிட்டுப் பார்க்கவேண்டும்.

இன்று காலை நனைந்திருந்தது.

உன்னைச் சந்தேகித்தும் உன்மேல் அன்பு குறையாத,
உன் மூத்தவள்,
சிவகாமி அக்கா.